அலுவலக வேலை தாமதமாவது எங்கே?

அலுவலகங்களில் உற்பத்தித்திறனை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலே, நிர்வாக ஊழியர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "இன்னும் எவ்வளவு வேகமாக வேலை செய்வது?" என்பதுதான். கேள்வி நியாயமானது. காலை 9 மணிக்கு உட்கார்ந்தவர் இரவு 7 மணிவரை மேசையை விட்டு எழாதபோது, அவரிடம் வேகம் போதாது என்று சொல்வது பொருந்தாது. பெரும்பாலான தாமதம் ஊழியரின் கையில் இல்லை. ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு வேலை செல்லும் வழியில் அது இருக்கிறது.

சிங்கப்பூருக்கு இந்தப் பேச்சு புதிதன்று. தேசிய உற்பத்தித்திறன் வாரியம் 1972ல் அமைக்கப்பட்டது. உற்பத்தித்திறன் இயக்கம் 1981ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அறிமுகமான 'டீமி' தேனீயை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜப்பானில் 1962ல் தோன்றிய தரக் கட்டுப்பாட்டுக் குழு முறையும் அக்காலத்தில் இங்கு பரவியது. அதன் அடிப்படைக் கருத்து இன்றும் பொருந்தும். ஒரு வேலையில் உள்ள குறையை நன்கு அறிந்தவர், அதை அன்றாடம் செய்பவரே.

ஓர் இன்வாய்ஸின் பயணம்

பொருள் விற்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். இன்வாய்ஸ் வந்ததும் நிர்வாக உதவியாளர் அதில் தேதி முத்திரை குத்துகிறார். கொள்முதல் ஆணையுடனும், பொருள் வந்து சேர்ந்ததற்கான சீட்டுடனும் ஒப்பிடுகிறார். விவரங்களைக் கணினியில் பதிந்து, மேலாளரின் கையொப்பத்திற்கு அனுப்புகிறார். கணக்குப் பிரிவில் அதே விவரங்கள் மீண்டும் ஒருமுறை பதியப்படுகின்றன.

இதற்கு 10 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கையில் எடுத்து வேலை செய்த நேரத்தைக் கூட்டினால் 40 நிமிடம்கூட வராது. மற்றதெல்லாம் தட்டில் காத்துக் கிடந்த நேரம். தட்டச்சு வேகத்தை இருமடங்காக்கினால் மிச்சமாவது சில நிமிடங்களே. மேலாளர் தினமும் குறித்த நேரத்தில் கையொப்பமிட்டால் மிச்சமாவது பல நாட்கள்.

ஆகவே முதலில் கணக்கெடுக்க வேண்டும். சென்ற மாதத்து இன்வாய்ஸ்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மேசைக்கு எப்போது வந்தது, எப்போது போனது, ஏன் திரும்பி வந்தது என்று ஒரே தாளில் எழுதலாம். "எப்போதும் தாமதம்தான்" என்ற முறையீட்டைத் தட்டிக்கழிப்பது எளிது. தேதிகள் வரிசையாக உள்ள தாளைத் தட்டிக்கழிப்பது கடினம்.

நான்கு கேள்விகள்

அடுத்து ஒவ்வொரு படியையும் பார்த்து நான்கு கேள்விகள் கேட்கலாம். இதை நீக்கலாமா? வேறொன்றுடன் சேர்க்கலாமா? முன்பின்னாக மாற்றலாமா? எளிமையாக்கலாமா?

இந்த வரிசை முக்கியம். யாரும் படிக்காத வார அறிக்கையை அழகுபடுத்துவதைவிட, அதை நிறுத்தலாமா என்று கேட்பது மேல். இரு பிரிவுகள் தனித்தனியே பதிவதை ஒரே பதிவாக்கலாம். கொள்முதல் ஆணை எண் இல்லாத இன்வாய்ஸை ஐந்தாம் நாள் கண்டுபிடிக்காமல், வந்த அன்றே திருப்பி அனுப்பலாம். மென்பொருள் வாங்குவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

எல்லாக் கையொப்பங்களும் வீண் என்று எண்ணிவிடக் கூடாது. பொருள் வாங்கக் கேட்பவரும், பணம் கொடுக்க ஒப்புதல் தருபவரும் வெவ்வேறு ஆளாக இருப்பது மோசடியைத் தடுக்கும் காவல். அதை நீக்கினால் சில நாட்கள் மிச்சமாகும், பெரும்பணம் போகலாம்.

வேலை போய்விடுமா?

ஊழியர்களின் உண்மையான அச்சம் இதுதான். சிங்கப்பூரில் 2019ல் தொடங்கிய 'இன்வாய்ஸ்நவ்' மின்னியல் கட்டமைப்பு, இன்வாய்ஸ் விவரங்களை ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக அனுப்புகிறது. புதிதாக அமைக்கப்பட்ட நிறுவனங்கள் தாமாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தால், அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1ல் நடப்புக்கு வந்தது. பார்த்துப் பதியும் வேலை குறையும் என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் விலை மாறி வந்தால், 50 பெட்டி கேட்டு 45 மட்டும் வந்திருந்தால், யாரிடம் பேசி எப்படித் தீர்ப்பது என்பதைக் கணினி தானாக அறியாது. வேலையின் முழு வழியையும் அறிந்தவருக்கே அது தெரியும். 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை, குறிப்பிட்ட பயிற்சிகள் மூலம் இத்திறனை வளர்க்க உதவும்.

முதலாளிக்கும் ஒரு கடமை உண்டு. மிச்சமாகும் நேரம் எதற்குப் பயன்படும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நேரத்தோடு வீடு திரும்பவா, புதிய திறன் கற்கவா, ஆள் குறைக்கவா? யோசனை சொன்னவரின் வேலைக்கே ஆபத்து வந்தால், அடுத்த தாமதம் எங்கே இருக்கிறது என்று அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.