வாசல்வரை வந்து திரும்பும் கால்கள்

டொரொண்டோவின் ஸ்காபரோவில் அடுக்குமாடியொன்றில் இருக்கும் என் பெரியம்மா, நவம்பர் பிறந்ததும் சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். "வெளியில போகேலாது பிள்ளை, விழுந்திடுவன்." எட்டு வருடத்துக்கு முன் பஸ் தரிப்பிடத்தில் ஒருமுறை பனியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, பயம் தங்கிவிட்டது. கோயிலுக்குப் போகக் கார் வாசலிலேயே வந்து நின்றாலும் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி, உப்புத் தூவிய தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளங்கை வியர்த்திருக்கும்.

எது எச்சரிக்கை, எது நோய்?

டொரொண்டோவில் பகலில் உருகும் பனி இரவில் மறுபடி உறைந்து, தார்ச்சாலையின் நிறத்திலேயே படிந்துகிடக்கும். அதற்குப் பயப்படாதவரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். ஆனால் தரை காய்ந்த நாளிலும் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, குளிர்காலம் முழுக்கச் சன்னலோரத்திலேயே கழிகிறதென்றால், குடும்ப வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும்.

விழ வைக்கும் பயம்

நாலைந்து மாதம் உள்ளேயே இருந்தால் தொடைத் தசை தளரும், உடலின் சமநிலை குறையும். பயந்தவர் உடம்பை விறைத்துக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். ஆக, விழுவேனென்று வீட்டிலிருந்தவருக்கே மார்ச்சில் விழும் வாய்ப்பு கூடுகிறது.

கொஞ்சம் கொஞ்சமாக

"பயப்படாதீங்கோ" என்று அதட்டிப் பயனில்லை. உளவியலாளர்கள் பயத்தைப் படிகளாகப் பிரிப்பார்கள். முதல் வாரம் சப்பாத்துப் போட்டுக் கீழ்த்தளம்வரை. பிறகு ஒருவர் துணையோடு, காய்ந்த தரையில் பத்தடி. படபடப்பு தானாக அடங்கும்வரை அங்கேயே நிற்பதுதான் மருந்து. பாதியில் ஓடிவந்தால் பயம் வலுக்கும். இயன்முறை மருத்துவர் சமநிலைப் பயிற்சி சொல்லித்தருவார். பனித்தரையில் முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதும் பதிய, பைக்குள்ளிருந்து கையை எடுத்துவிட்டு நடக்க வேண்டும். சப்பாத்தின் அடியில் மாட்டும் முள் பட்டையை உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். டைல்ஸ் தரையில் அதுவே சறுக்கும்.

இருட்டும் சேர்ந்தால்

டிசம்பரில் டொரொண்டோவில் மாலை 4.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டில் சிலருக்கு வரும் அளவுக்கு மீறிய தூக்கம், மாப்பண்டத்தில் ஆசை, எதிலும் பிடிப்பின்மை: இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று 1984-இல் நார்மன் ரோசந்தால் குழுவினர் பெயரிட்டார்கள். காலையில் எழுந்ததும் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரைமணி நேரம் உட்காருவது பலருக்கு உதவுகிறது. ஆனால் கண்நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.