‘ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன்!’: அடுத்தவர் குணத்தைக் கணிக்க முடியுமா?

“ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன், அவர் எப்படிப்பட்டவர்னு.” இப்படிச் சொல்பவர் எல்லா அலுவலகத்திலும், எல்லா உறவுக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். தென் கொரியாவில் இதுவே இளைஞர்களின் பொழுதுபோக்கு. புதிதாக அறிமுகமானவரிடம், “உங்க எம்பிடிஐ என்ன?” என்று கேட்பது அங்கே சகஜம். கேட்பதற்கு முன்பே கணித்துச் சொல்பவர்களும் உண்டு.

அது என்ன எம்பிடிஐ?

மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட நூலில் மனித மனப்போக்குகளை வகைப்படுத்தினார். அதன் அடிப்படையில் அமெரிக்காவைச் சேர்ந்த கேதரின் பிரிக்ஸும் அவரது மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியதே ‘மையர்ஸ் - பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர்’. கலகலப்பா, அமைதியா என்பதுபோல 4 இணைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம். ஆக மொத்தம் 16 வகைகள்.

எது தெரியும், எது தெரியாது?

ஒருவர் கலகலப்பானவரா என்பதை முன்பின் தெரியாதவர்களும் ஓரளவு சரியாகக் கணிக்கிறார்கள் என்கின்றன ஆய்வுகள். பேச்சு, சிரிப்பு, குரல் எல்லாம் வெளியே தெரிபவை. ஆனால், உள்ளுக்குள் ஓடும் கவலையும் பதற்றமும் எளிதில் பிடிபடாது. 2002-ல் சாம் காஸ்லிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அறையை மட்டும் பார்த்தவர்கள்கூட அதில் வசிப்பவர் புதுமை விரும்பியா என்பதை நன்றாகவே ஊகித்தார்கள்.

“அட, என்னையே சொன்ன மாதிரி இருக்கே!”

சிக்கல் இங்கேதான். 1948-ல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு, ‘உங்கள் குணம் இதுதான்’ என ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு மாணவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. உண்மையில் எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்; ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது! எனவே, நீங்கள் கணித்ததற்கு எதிரில் இருப்பவர் தலையாட்டினார் என்பது மட்டும் கணிப்பு சரி என்பதற்குச் சான்றாகாது.

இன்னொன்று, குணம் சுவிட்ச் போல ‘ஆன் - ஆஃப்’ அல்ல. பெரும்பாலானோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நண்பர்களிடம் வாய் ஓயாமல் பேசுபவர், மேலதிகாரி முன் ஊமையாக உட்காரலாம்.

விளையாட்டு வினையாகும் இடம்

தென் கொரியாவில் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் சில நிறுவனங்கள் எம்பிடிஐ கேட்டது சர்ச்சையானது. இதை ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அதை வெளியிடும் நிறுவனமே. நேர்காணலில் பதற்றத்தால் குறைவாகப் பேசியவருக்கு, ‘இவர் டீமுக்குச் சரிப்பட மாட்டார்’ என முத்திரை விழுந்தால், போவது அவருடைய பிழைப்பு.

என்ன செய்யலாம்?

ஒருவரைக் கணிக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலையில், வீட்டில், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். கணிப்புக்கு ஒத்துவராத சம்பவங்களையும் கணக்கில் எடுங்கள். சந்தேகமா? “இந்த மாதிரி நேரத்துல நீங்க என்ன செய்வீங்க?” என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.