மரபு காக்கும் ஆட்டம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வழியில், பல்லவர் கோயிற் பாணியில் கல்லால் எழுந்த பௌத்த ஆலயம் ஒன்று நிற்கிறது. நாலந்தா என்பது அவ்வூரின் பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு, பொலன்னறுவை அரியணைக்காகப் போர் நடத்தியபோது பாசறை அமைத்தது இங்கேதான்.

இத்தகைய அரசமரபுகளின் கதையைக் கணினி விளையாட்டாக்கியது சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று. 'குருசேடர் கிங்ஸ் 3' என்னும் அவ்விளையாட்டு 2020இல் வெளிவந்தது. இலங்கையும் அதன் நிலப்படத்தில் உண்டு. பொலன்னறுவை சோழர் கையிலிருந்த 1066இல் தொடங்கினால், ஆட்டம் 1453 வரை நீளும். மன்னன் இறந்ததும் ஆடுபவர் அவனுடைய வாரிசாக மாறி ஆட்சியைத் தொடர்வார். மரபில் ஒருவரும் எஞ்சாவிடின் ஆட்டம் முடிந்தது! ஆதலால் புதியவர் படைகளை எண்ணிக்கொண்டிருக்க, பழகியவர் திருமணங்களை எண்ணுகிறார். போரைவிடப் பெண் பார்ப்பதே பெரும்பாடு என்றாலும் பொருந்தும். பிள்ளை இல்லையேல் மரபு அறும். பிள்ளைகள் பலராயின் நாடு துண்டாகும்.

இது கற்பனையில் மட்டும் நிகழ்வதன்று. 1153 முதல் 1186 வரை ஆண்ட பராக்கிரமபாகு, தீவு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தான். பாண்டிநாட்டிற்கும் படை அனுப்பினான். ஆனால் அவனுக்குப்பின் முடிசூட மகன் இல்லை. சகோதரியின் மகன் இரண்டாம் விசயபாகு ஓராண்டளவே ஆண்டு, மகிந்தன் என்பவனால் கொல்லப்பட்டான். அம்மகிந்தனோ ஐந்து நாளே நிலைத்தான். 1187இல் கலிங்கத்தினின்றும் வந்த நிசங்கமல்லன் அரியணை ஏறினான்.