பவளத்தின் வீட்டில் குடியிருக்கும் பாசி

பால்மரக் காட்டில் மண்ணை மூடிப் படர்ந்திருக்கும் பயற்றங்கொடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக் கொடிக்குத் தருகின்றன. கொடி அவற்றுக்குச் சாப்பாடு போடுகிறது. இதே கொடுக்கல் வாங்கல் நம் கெடாவின் கடலடியிலும் நடக்கிறது.

லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவு 1987-இல் கடல் பூங்காவானது. அங்குள்ள பவளத்தை நம்மில் பலர் கல்லென்றே எண்ணுகிறோம். எண்ணற்ற சிறு பிராணிகள் சேர்ந்து கட்டிய சுண்ணாம்பு வீடு அது. அப்பிராணிகளின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பவளம் விடும் கரியமில வாயுவையும் கழிவையும் வாங்கிக்கொண்டு, வெயிலில் சர்க்கரை சமைத்து, பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. நல்ல வாடகைதான்! பவளத்தின் பழுப்பு நிறமும் இந்தப் பாசியுடையதே. கீமா என்னும் பெருஞ்சிப்பியும் வெயில்பட வாய் விரித்து, இப்படியே பாசி வளர்த்துப் பிழைக்கிறது.

கடல்நீரின் சூடு வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010-இல் அப்படி நேர்ந்தபோது, பாயாரிலும் முக்குளிப்போருக்குத் தடை போட்டார்கள். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி மறுபடி குடியேறும், குளிராவிட்டால் பட்டினிதான்.

பள்ளி விடுமுறையில் பாயாருக்குப் போனால், வெள்ளைக் கல்தானே என்று அதன்மேல் காலூன்ற வேண்டாம். அதற்கு இன்னும் உயிர் இருக்கலாம்.