மோட்டார்வேயில் முதுகு வலிக்காத ஸ்போர்ட்டி சலூன்: செகண்ட் ஹேண்டில் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிரிட்டனுக்கு வந்த புதிதில் கார் விளம்பரங்களில் 'சலூன்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு முடிவெட்டும் கடைதான் ஞாபகம் வரும். நாம் செடான் என்று சொல்கிற, பின்னால் தனி டிக்கி வைத்த நான்கு கதவுக் காரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அந்த வகையில் கொஞ்சம் வேகமும் துடிப்பும் உள்ள ஒன்றை, பழசாக, நெடுந்தூரம் ஓட்டுவதற்காக எப்படிப் பார்த்து வாங்குவது என்று நான் பாடம் படித்தது கைக்காசைத் தொலைத்துத்தான்.

முதல் தடவை வாங்கியபோது அழகைப் பார்த்து ஏமாந்தேன். கறுப்பு நிறம், 19 அங்குல அலாய் வீல், தரையோடு ஒட்டிய மாதிரி நிற்கும் தோரணை. என்ன கம்பெனி என்பது வேண்டாம், தப்பு காரில் இல்லை. அப்போது வாராவாரம் லண்டனுக்கும் லீட்ஸுக்கும் போய்வர வேண்டியிருந்தது. எம்1 சாலையில் ஒரு பக்கம் மட்டும் சுமார் 190 மைல். மூன்றாவது மாதம் இடுப்பு வலி ஆரம்பித்தது. அதைவிட மோசம், இறங்கும்போது வரும் களைப்பு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சாலையோர அதிர்வுக் கோட்டின் மேல் டயர் ஏறி 'டர்ர்ர்' என்று கார் அதிர்ந்தபோதுதான் கண்ணை மூடியிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன்.

சொகுசு என்பது ஆடம்பர விஷயம் இல்லை, உயிரோடு வீடு போய்ச் சேருகிற விஷயம் என்று அன்றைக்குப் புரிந்தது. இரைச்சலும் அதிர்வும் மணிக்கணக்கில் உடம்பை அரித்துக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரியவே தெரியாது.

ஏன் சலூன்?

எஸ்யூவி வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 30 மைல் வேகத்தில் இருப்பதைவிட 70 மைலில் அது ஐந்து மடங்குக்கும் மேல். உயரமான, அகலமான முகப்புள்ள வண்டி அந்தத் தடையை எரிபொருளிலும் சத்தத்திலும் கட்டித்தான் ஆக வேண்டும். சலூன் தாழ்வாக இருப்பதால் அங்கே கொஞ்சம் தப்பிக்கிறது.

இன்னொரு காரணம் டிக்கி. ஹேட்ச்பேக்கிலும் எஸ்டேட்டிலும் பின்சக்கரச் சத்தம் திறந்த டிக்கி வழியாக நேரே காதுக்கு வரும். சலூனில் பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே தடுப்பு இருப்பதால் அந்த 'கும்' என்ற ஒலி குறைகிறது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். டயரில் 225/45 ஆர்18 என்று எழுதியிருக்கும். 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்றால் டயரின் பக்கச்சுவர் அந்த அகலத்தில் 45 சதவீதம் உயரம். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

ஒரே காருக்கு மூன்று அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். 225/50 ஆர்17 என்றால் பக்கச்சுவர் 112 மி.மீ. 225/45 ஆர்18 என்றால் 101 மி.மீ. 225/40 ஆர்19 என்றால் 90 மி.மீ. மூன்றிலும் சக்கரத்தின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 66 செ.மீ. அதாவது ரிம் பெரிதாக ஆக ஆக, குழியில் விழும்போது அடியைத் தாங்குகிற ரப்பரும் காற்றும்தான் குறைகிறது. 17லிருந்து 19க்குப் போனால் 22 மி.மீ மெத்தை காணாமல் போகிறது. ரிம் வளைவதும் விரிசல் விடுவதும் பெரிய வீல்களில்தான் அதிகம்.

என் முடிவு: மோட்டார்வேக்கு 17 உத்தமம், 18 பரவாயில்லை, 19 போட்டோவுக்கு.

இதோடு 'ரன்ஃப்ளாட்' டயரா என்றும் பாருங்கள். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுவதற்காகப் பக்கச்சுவரைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். அதனால் சின்ன மேடுபள்ளம்கூட சுருக்கென்று குத்தும். சாதாரண டயருக்கு மாற்றினாலே சில கார்களின் குணம் மாறிவிடும். ஆனால் ஸ்டெப்னி இல்லாத கார் என்றால் பஞ்சர் கிட் ஒன்றை டிக்கியில் போட்டுவைக்க வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். டயர் லேபிளில் இருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெளியே நிற்கிறவருக்குக் கேட்கும் சத்தம், உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்குக் கேட்பது இல்லை.

'ஸ்போர்ட்' பேட்ஜ் எதைத் தருகிறது?

எம் ஸ்போர்ட், எஸ் லைன், ஏஎம்ஜி லைன் என்ற பெயர்களைப் பார்த்தால் பெரிய எஞ்சின் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. அதே எஞ்சின், வேறு பம்பர், பெரிய வீல், பல நேரம் தாழ்ந்த, இறுக்கமான சஸ்பென்ஷன். அதாவது மோட்டார்வேயில் நமக்கு வேண்டாத இரண்டுக்குத்தான் கூடுதல் விலை.

உண்மையிலேயே தேட வேண்டியது, ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் 'அடாப்டிவ்' சஸ்பென்ஷன். 'கம்ஃபர்ட்' பொத்தானை அழுத்தினால் எம்1, 'ஸ்போர்ட்' அழுத்தினால் மலைப்பாதை. ஆனால் அந்த ஷாக் கெட்டுப்போனால் சாதாரண ஷாக்கைவிட மாற்றும் செலவு ரொம்ப அதிகம். எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.

0–60ஐ மறந்துவிடுங்க

0விலிருந்து 60 மைலை எத்தனை விநாடியில் தொடுகிறது என்பது சிக்னலில் காட்டும் வீரம். மோட்டார்வேயில் தேவைப்படுவது 50லிருந்து 70க்கு, லாரியைத் தாண்டும்போது, பதற்றமில்லாமல் ஏறும் இழுவை. டர்போ வைத்த 2 லிட்டர் எஞ்சினும் நல்ல ஆட்டோமேட்டிக் கியரும் இதற்குப் போதும்.

கடைசி கியரில் எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்பதும் முக்கியம். நாம் பார்த்த அளவு சக்கரம் 70 மைல் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 910 சுற்று சுற்றும். கடைசி கியரின் மொத்த விகிதம் 1.9 என்றால் எஞ்சின் சுமார் 1,730. விகிதம் 3 என்றால் 2,730. நாலு மணி நேரப் பயணத்தில் அந்த ஆயிரம் சுற்று வித்தியாசத்தைக் காது நன்றாக அறியும். நீண்ட கடைசி கியர் உள்ள 8 வேக ஆட்டோமேட்டிக்கை நான் விரும்புவது இதனால்தான்.

பெட்ரோலா, டீசலா? வாரம் தவறாமல் நெடுந்தூரம் என்றால் டீசல் இன்றும் நல்ல துணை. அதன் புகைவடிகட்டியில் சேரும் கரி எரிந்துபோகத் தேவையான சூடு நெடும் ஓட்டத்தில்தான் கிடைக்கும். பள்ளிக்கூடம், கடை என்று மூன்று மைல் ஓட்டம்தான் அதிகம் என்றால் டீசல் பக்கமே போகாதீர்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டு பணத்தைக் கறக்கும். லண்டனுக்குள் போவதாக இருந்தால் டீசல் யூரோ 6, பெட்ரோல் யூரோ 4 தரம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29லிருந்து இது லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் உண்டு.

எந்தக் கார்?

பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் எஃப்30 எனப்படும் தலைமுறை (2012–2018) சந்தையில் ஏராளம். ஓட்டச் சுகமானது. 320டி வாங்குவதென்றால் 2015இல் எஞ்சின் மாறிய பிறகு வந்ததைப் பாருங்கள். முந்தைய எஞ்சினின் டைமிங் செயின் தேய்வது ஊரறிந்த தொல்லை. செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் அதைத் தொட்டாலே கூலி எகிறும்.

மெர்சிடிஸ் சி-கிளாஸில் 2014இல் வந்த தலைமுறைக்கு ஏர் சஸ்பென்ஷன் விருப்பத் தேர்வாக இருந்தது. சொகுசு அபாரம், பழுதானால் செலவும் அப்படியே. ஆடி ஏ4 (2015 இறுதியில் வந்த தலைமுறை) அமைதிக்கு. ஸ்டியரிங்கில் உயிர் கொஞ்சம் கம்மி. ஆல்ஃபா ரோமியோ ஜூலியா நேர் எதிர்: ஸ்டியரிங் விகிதம் 11.8:1, கையைக் கொஞ்சம் அசைத்தாலே திரும்பும். மோட்டார்வேயில் பழகச் சில நாள் பிடிக்கும், பிறகு விட மனம் வராது. ஜாகுவார் எக்ஸ்இ ஓட்டுகிறவருக்கு இனிமை, பின்சீட்டுக்காரருக்கு இடுக்கல். லெக்சஸ் ஐஎஸ் 300ஹெச் ஹைப்ரிட் சீரான வேகத்தில் ரொம்ப அமைதி. அழுத்தி மிதித்தால் மட்டும் எஞ்சின் முனகும். பேட்ஜ் வேண்டாம் என்றால் மாஸ்டா 6 சலூன். இதன் முன், பின் சக்கர இடைவெளி 2.83 மீட்டர்; 3 சீரிஸ் 2.81. இந்த இடைவெளி நீண்டால் மேடுபள்ளத்தில் முன்னும் பின்னும் தலையாட்டுவது குறையும்.

பேப்பர் பார்ப்பது

காரின் நம்பர் இருந்தால் போதும், அரசு இணையதளத்தில் எம்ஓடி வரலாறு இலவசம். ஒவ்வொரு வருட மைலேஜும் அதில் இருக்கும். தேர்ச்சி பெற்றதா என்பதைவிட 'கவனிக்க' என்று எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். டயரின் உள்ஓரம் தேய்ந்திருக்கிறது என்று இரண்டு, மூன்று வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால் சக்கர அலைன்மென்ட்டையோ சஸ்பென்ஷனையோ யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் 'ஆயுளுக்கும் போதும்' என்று விற்கிறவர் சொல்வார். பல பிரிட்டிஷ், ஜெர்மன் கார்களுக்கு 8 வேக கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய ரசீது இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

வரியிலும் ஒரு கண்ணி உண்டு. 2017 ஏப்ரல் 1க்குப் பின் பதிவான பெட்ரோல், டீசல் கார் புதிதாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டியிருந்தால், இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடங்களுக்குக் கூடுதல் சாலை வரி. நீங்கள் பாதி விலைக்கு வாங்கினாலும் அது விடாது. முந்தைய ஓனர் கட்டிய வரியும் நமக்கு மாறாது. வாங்கிய அன்றே புதிதாகக் கட்ட வேண்டும்.

கடன் பாக்கி இருக்கிறதா என்ற சோதனைக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தாவது செய்துவிடுங்கள். டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கினால் விலை குறையும், அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஓட்டிப் பார்க்கும்போது

தெருவைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டுவது சோதனை இல்லை. 70 மைல் போகக்கூடிய சாலைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ரேடியோ, ஏசி எல்லாம் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுங்கள். 60–70இல் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ் சரியில்லை அல்லது ரிம் வளைந்திருக்கிறது. பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வேகத்தோடு ஏறி, கியரைப் பொருட்படுத்தாத 'ஊம்' என்ற ஓசை பெரும்பாலும் வீல் பேரிங் அல்லது டயர்.

சீட்டில் இருபது நிமிடமாவது உட்காருங்கள். இடுப்புத் தாங்கி அசைகிறதா, தொடைக்கு முழுத் தாங்கல் கிடைக்கிறதா, ஸ்டியரிங் நம் கைக்கு எட்டி வருகிறதா? சீட் ஒத்துவராத காரை எந்த எஞ்சினும் காப்பாற்றாது. பின்சீட்டில் வீட்டுக்காரர் யாராவது ஒருவரை உட்காரவைத்து அவர் சொல்வதையும் கேளுங்கள். என் முதல் காரில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

இப்போது என்னிடம் இருப்பது 17 அங்குல வீல் போட்ட, யாரும் திரும்பிப் பார்க்காத சாம்பல் நிறச் சலூன். வளைவில் குஷியாகத் திரும்பும், நேர்ச்சாலையில் பேசாமல் போகும். கார் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடமாவது நிறுத்தச் சொல்கிறது இங்கத்திய ஹைவே கோட். நான் நிறுத்தி ஒரு டீ குடிக்கிறேன். லீட்ஸில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதில்லை.