கத்தியா? காத்திருப்பா?
(பெரிய நாயின் முழங்கால் தசைநார் அறுவை பற்றி ஒரு விளக்கம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

நெல் விளையும் ஊரில் நாய்க்கு வேலை உண்டு. களத்து மேட்டில் நெற்குவியலுக்கு அது காவல். பம்புசெட் கொட்டகையில் மோட்டாருக்குக் காவல். வரப்பைக் குடையும் பெருச்சாளிக்கு எமன். தஞ்சைத் தரணியின் சிற்றூர்களில் நாய் என்பது அழகுக்கு வளர்க்கும் பொருளன்று. குடும்பத்தின் உழைப்பாளிகளுள் ஒன்று. அந்த உழைப்பாளி ஒருநாள் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நிற்கிறது. "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்கிறோம். ஆகவில்லை. மருத்துவரோ, "முழங்கால் தசைநார் அறுந்திருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்யலாம்" என்கிறார்.

அப்போது எந்த வீட்டிலும் மூன்று கேள்விகள் எழும். செய்யத்தான் வேண்டுமா? செய்தால் எந்த முறை? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இம்மூன்றுக்கும் நான் படித்தும் கேட்டும் அறிந்த விடைகளை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முழங்காலின் அமைப்பு

நாயின் முழங்கால் எது என்று கேட்டால், பின்னங்காலின் பின்புறம் கூராகத் துருத்தி நிற்கும் மூட்டைப் பலரும் காட்டுவர். அது கணுக்கால். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, அடிவயிற்றை ஒட்டி, முன்னோக்கி மடங்கியிருப்பது. நாய் நிற்கும்போதும் அது மடங்கியே இருக்கும்.

அங்கே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து, பெருக்கல் குறி போல இரண்டு தசைநார்கள் குறுக்காகச் செல்கின்றன. பேச்சு வழக்கில் நாம் 'ஜவ்வு' என்பது இதைத்தான். இவற்றுள் முன் குறுக்குத் தசைநாருக்கு மூன்று பணிகள்: கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடிப்பது, அது உட்புறமாகத் திருகாமல் தடுப்பது, மூட்டு அளவுக்கு மீறி நீளாமல் காப்பது. இரு எலும்புகளுக்கும் இடையே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் மெத்தை போல அமைந்துள்ளன. தசைநார் அறுந்த மூட்டில் இந்தப் பிறைக் குருத்தெலும்பும் நசுங்கிக் கிழிவதுண்டு. வலியைப் பெருக்குவது பெரும்பாலும் இதுதான்.

கபடி ஆட்டக்காரருக்கு இத்தசைநார் ஒரு நொடியில் அறுகிறது. நாய்க்கு அப்படியன்று. பெரும்பாலான நாய்களில் அது கிணற்றுக் கயிறு போல இழை இழையாக நைந்து, கடைசியில் ஒரு சிறு துள்ளலில் அறுந்துபோகிறது. ஆகவே ஒரு முழங்காலில் அறுந்த நாய்க்குப் பின்னாளில் மற்றொன்றிலும் அறுவது வியப்பன்று. ஏறத்தாழ பாதி நாய்களில் அவ்வாறு நேர்கிறது.

நாய்க்கு மட்டும் ஏன் இப்படி? மனிதரின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பில் சாய்வு குறைவு. நாயினத்தில் அது சராசரியாக 25 பாகை அளவுக்குப் பின்னோக்கிச் சரிந்துள்ளது. சரிவான ஆற்றங்கரையில் பாரவண்டியை நிறுத்திக் கயிற்றால் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பே வண்டி, கீழ்க்கால் எலும்பின் தலையே கரை, தசைநாரே கயிறு. நாய் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் வண்டி கயிற்றை இழுக்கிறது. வண்டியின் பாரம் கூடினால் கயிறு விரைவில் நைகிறது. உடல் பருத்த நாய்களுக்கு இந்நோய் மிகுதி என்பதன் காரணம் இதில் விளங்கும். இனமும் ஒரு காரணம்: லேப்ரடார், ராட்வீலர் ஆகியவற்றில் மிகுதி, கிரேஹவுண்டில் அரிது.

கண்டறிவது எப்படி?

நொண்டும் நாயெல்லாம் தசைநார் அறுந்த நாயன்று. முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் ஒன்று போதும், நாயை மூன்று காலில் நிறுத்த. உண்ணிக் காய்ச்சலாலும் மூட்டுகள் வீங்கும். இடுப்பு மூட்டுக் கோளாறும், எலும்புப் புற்றும் இதே தோற்றம் தரக்கூடும்.

தசைநார் அறுந்த நாய் நிற்கும்போது விரல் நுனியை மட்டும் தரையில் தொட்டு நிற்கும். உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். படுத்து எழுந்தவுடன் விறைப்பு மிகும். சில வாரங்களில் அந்தத் தொடை சூம்பும். மருத்துவர் ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்து, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ளிப் பார்ப்பார். மேசையின் இழுப்பறை போல அது முன்னே வந்தால் தசைநார் அறுந்துவிட்டது என்று பொருள். பாதி அறுந்த நிலையில் இச்சோதனை ஏமாற்றிவிடும். தசை இறுகிய நாய்க்கு மயக்கம் கொடுத்தே பார்க்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரே படத்தில் தசைநார் தெரியாது. ஆனால் மூட்டில் கோத்த நீரும், எலும்புத் தேய்வும் தெரியும். புற்று இல்லை என்பதும் உறுதிப்படும். ஆகவே அது வீண் செலவன்று.

மாட்டுக்கு அறுப்பதும் நாய்க்கு இணைப்பதும்

முழங்கால் தசைநார் அறுவை நம் ஊருக்குப் புதிதன்று. உழவு மாடு ஒன்று நடக்கையில் பின்னங்காலை வெடுக்கென்று உதறுவதையும், கால் பின்னே நீண்டு மடங்காமல் குளம்பு தரையில் உரசுவதையும் பெரியவர்கள் கண்டிருப்பர். முட்டிச் சில்லு மேலேறித் தொடை எலும்பின் முகட்டில் மாட்டிக்கொள்வதே காரணம். மாட்டுக்கு முட்டிச் சில்லைப் பிணைக்கும் தசைநார்கள் மூன்று. உட்புறமுள்ள ஒன்றை மருத்துவர் அறுத்துவிட்டால் சில்லு விடுபடும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிகிற வேலை. பல மாடுகள் உடனே நேராக நடக்கும்.

இதைக் கண்டு பழகியவர்கள், "நாய்க்கும் அப்படி ஒரு வெட்டு வெட்டிவிட்டால் என்ன?" என்று கேட்பதில் வியப்பில்லை. ஆனால் இரண்டும் நேர் எதிரானவை. மாட்டில் நன்றாயிருக்கும் தசைநாரை அறுத்துப் பூட்டைத் திறக்கிறோம். நாயிலோ அறுந்துபோன தசைநாரின் வேலையை வேறொன்றைக் கொண்டு செய்விக்க வேண்டும். நைந்த முனைகளைத் தைத்து ஒட்டவைக்க இயலாது. எனவே அது பெரிய அறுவை; குணமாகும் காலமும் நீண்டது.

அறுவை முறைகள்

1952-இல் பின்லாந்தைச் சேர்ந்த பாட்ஸமா, நாயின் தொடைத் தசையுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மூட்டுக்குள் புதுத் தசைநாராகச் செலுத்தினார். 1970-இல் மூட்டுக்கு வெளியே வலிய இழையால் கட்டும் முறை வெளியாயிற்று. தொடை எலும்பின் பின்னுள்ள சிறு எலும்பைச் சுற்றி, கீழ்க்கால் எலும்பில் துளையிட்டு, தடித்த நைலான் இழையை இறுக்கிக் கட்டுவர். இழை நாளடைவில் தளரும். அதற்குள் மூட்டைச் சுற்றி வளரும் தடித்த திசு அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

1993-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்லோகம் வேறு வழியில் சிந்தித்தார். கயிற்றை மாற்றுவதற்குப் பதில் கரையையே மட்டப்படுத்தினால் என்ன? கீழ்க்கால் எலும்பின் தலையை வளைவாக அறுத்து, சாய்வு 5 பாகை அளவுக்குக் குறையும்படி சுழற்றி, உலோகத் தகடும் திருகாணிகளும் கொண்டு பொருத்தும் முறையை வெளியிட்டார். சரிவு போனால் வண்டி உருளாது, கயிறும் தேவையில்லை. 2002-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலிருந்து, எலும்பின் முன்முகட்டை முன்னே நகர்த்தும் முறையொன்று வந்தது. இவற்றுக்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும், செலவும் கூடும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவையின்றிப் பார்த்துக்கொள்ளப்பட்ட 85 நாய்கள் கணக்கெடுக்கப்பட்டன. 15 கிலோவும் அதற்குக் கீழும் இருந்தவற்றில் 85.7 விழுக்காடு குணமாயின அல்லது தேறின. 15 கிலோவுக்கு மேற்பட்டவற்றிலோ 19.3 விழுக்காடுதான். நம் ராஜபாளையம், லேப்ரடார் போன்றவை இக்கோட்டுக்கு மேலே நிற்பவை என்பதைக் கூறத் தேவையில்லை.

ஆனால் அதனோடு முடிவுக்கு வந்துவிடலாகாது. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், எடை மிகுந்த 40 பெரிய நாய்களை இரு பிரிவாக்கினர். இரண்டிலும் எடைக் குறைப்பு, உடற்பயிற்சி, வலி மருந்து மூன்றும் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் எலும்பைச் சுழற்றும் அறுவையும் உண்டு. 24 வாரத்தில் அறுவை செய்தவற்றில் 92.6 விழுக்காடும் செய்யாதவற்றில் 33.3 விழுக்காடும் வெற்றி. 52 வாரத்தில் முறையே 75, 63.6 விழுக்காடு. அறுவை விரைவாகவும் கூடுதலாகவும் பலன் தருகிறது என்பது தெளிவு. அதே வேளையில், எடையைக் குறைத்து, முறையாகப் பயிற்சி தந்து, ஓராண்டு பொறுத்திருந்தால் அறுவையின்றியும் பல பெரிய நாய்கள் தேறுகின்றன என்பதும் தெளிவு. கொல்லையில் சும்மா கட்டிப் போடுவதற்குப் 'பொறுத்திருத்தல்' என்று பெயரில்லை.

அறுவை முறைகளை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வும் 2013-இல் வந்தது. 80 நாய்களில், ஓராண்டுக்குப் பின் மிக்க நிறைவு தெரிவித்த உரிமையாளர்கள் எலும்பு சுழற்றும் முறையில் 93 விழுக்காடு. இழை முறையில் 75 விழுக்காடு. முன்னது மேல், பின்னதும் தள்ளத்தக்கதன்று. எம்முறையைக் கையாண்டாலும் மூட்டுத் தேய்வு முற்றிலும் நின்றுவிடாது என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

முடிவெடுக்கும் வழி

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, குறுவை அறுவடையின்போது எங்கள் வீட்டு நாய்க்கும் இந்நிலை நேர்ந்தது. ஐந்து வயது, 32 கிலோ. வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் என்பதால், மருத்துவர் எழுதித் தந்த தாளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரில் சிலர், "நாய்க்கு ஆபரேஷனா?" என்று சிரித்தனர். என் தந்தை சிரிக்கவில்லை. "மாட்டுக்குப் பாத்தோம், இதுக்குப் பாக்கக் கூடாதா? ஆனா எதுக்குச் செய்யுறோம்னு தெரிஞ்சு செய்யணும் தம்பி" என்றார்.

முதலில் எட்டு வாரம் கயிற்றில் பிடித்தே நடத்துவது, சோற்றைக் குறைப்பது, வாரந்தோறும் தொடையை நாடாவால் அளப்பது, தேறாவிட்டால் அறுவை என்று முடிவு செய்தோம். ஆறாம் வாரத்தில் அளவு மேலும் குறைந்தது. நடக்கும்போது மூட்டில் 'டக்' என்ற ஒலியும் கேட்டது. பிறைக் குருத்தெலும்பு கிழிந்ததன் அறிகுறி அது என்றார் மருத்துவர். தகடு வைக்கும் முறை எங்கள் கைக்கு எட்டவில்லை. கார்த்திகையில் இழை முறையில் செய்து, கிழிந்த குருத்தெலும்பையும் நீக்கினர். இன்று அது களத்தைக் காக்கிறது. மார்கழிக் காலையில் சற்று விறைத்து எழுகிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது.

இந்த முடிவு எல்லார்க்கும் பொருந்தும் என்பதன்று. முடிவெடுக்குமுன் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டியவை இவை: நாயின் எடை என்ன? வயதென்ன? ஓடியாடும் வேலை உண்டா, வாசலில் படுத்திருப்பதா? குருத்தெலும்பு கிழிந்துள்ளதா? மற்றக் காலின் நிலை என்ன? மயக்க மருந்தைத் தாங்கும் உடலா? அம்முறையை அந்த மருத்துவர் பலமுறை செய்தவரா? மொத்தச் செலவு, மறு எக்ஸ்ரே உட்பட, எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவைக்குப் பின் இரண்டு மூன்று மாதம் நாயை ஓடவிடாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா? அந்த ஆள் இல்லையெனில் மிகச் சிறந்த அறுவையும் பாழ். தகடு பொருத்திய எலும்பு கூடவே ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். அதற்குள் ஒரு பூனையைத் துரத்தினால் போதும், திருகாணி கழன்றுவிடும்.

நம் பகுதியில் ஒரு வசதி உண்டு. தையல் நன்றாக ஆறியபின், மருத்துவர் இசைந்தால், தண்ணீரில் நடத்துவது நல்ல பயிற்சி. உடல் பாரம் மூட்டில் இறங்காமல் தசை வலுப்பெறும். மேட்டூர் அணை வழக்கமாக மூடப்படும் ஜனவரி 28 வரை வாய்க்காலில் நீர் கிடைக்கும். இழுப்பு இல்லாத, நெஞ்சளவு நீரில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்த வேண்டும். ஆற்றில் நீந்தவிடலாகாது.

ஓர் எச்சரிக்கை: நமக்கு வாங்கிய வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஐபுபுரோபென், டைகுளோபினாக் ஆகியவை நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தி உயிரையும் வாங்கிவிடக்கூடும்.

விலங்குக்கு இத்தனை மருத்துவமா என்று வியப்போர் நம் ஊர் வரலாற்றை நினைவுகூர வேண்டும். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் தன்வந்திரி மகாலில், மனிதர்க்கும் விலங்குகளுக்கும் ஒருசேர மருந்து ஆராயப்பட்டது. சென்னையில் 1903-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி நெடுந்தொலைவாக இருந்த நிலை மாறி, 2012-இல் நம் ஒரத்தநாட்டிலேயே அத்தகைய கல்லூரி வந்துவிட்டது. கேட்டறிய இடம் அருகில் இருக்கிறது.

கத்தியா, காத்திருப்பா என்பதற்கு எல்லா நாய்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. எடை மிகுந்து, ஓடியாடி, குருத்தெலும்பும் கிழிந்த நாய்க்குக் கத்தியின் பக்கம் நியாயம் கூடுதல். முதிர்ந்த நாய்க்கும், மயக்கம் தாங்காத நாய்க்கும், கையில் காசில்லாத வீட்டுக்கும் முறையான காத்திருப்பு இழிவன்று. இழிவானது ஒன்றே: எதையும் எண்ணிப் பாராமல், இத்தனை நாள் உழைத்த உயிரை வலியோடு மூலையில் கட்டிவிட்டு, "நாய்தானே" என்று சொல்லிவிட்டுப் போவது.