அடுக்களைக் காவல்

அளவோடு ஆள்பவர்க்குத் தீ சோறு சமைத்துத் தரும். அளவு தவறினால் வீட்டையே விழுங்கிவிடும். 2004-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23-ஆம் நாள், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே விளங்கும் திருவரங்கத்தில், ஒரு திருமண மண்டபம் தீப்பற்றியது. வீடியோ விளக்குக்கெனக் கொணர்ந்த மின்கம்பியில் எழுந்த பொறி கீற்றுப் பந்தலில் தாவிற்று. மணமகன் உட்பட ஐம்பதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பேரழிவின் தோற்றுவாய் ஒரு சிறு மின் இணைப்பே.

அத்தகைய சிறு இணைப்பு ஒன்று நம் அடுக்களையிலும் உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த இனாம்குளத்தூர் போன்ற இடங்களிலுள்ள நிலையங்களில் நிரப்பப்பெறும் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு அடங்கும். புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி அதனுள் அடைக்கின்றனர். அத்திரவம் ஒரு லிட்டர் கசிந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். அது காற்றினும் கனமானது. ஆதலின் மேலெழாது தரையிலே படிந்து நிற்கும். இயல்பில் அதற்கு மணமில்லை. கசிவை உணர்த்தவே நாற்றமுள்ள பொருளொன்றைக் கலக்கின்றனர்.

சிலிண்டர் எஃகினால் ஆனது, அடுப்பும் உலோகமே. இவ்விரண்டையும் இணைப்பது ரப்பர்க் குழாய். வெப்பத்தாலும் நாட்பட்ட பயனாலும் அது இறுகி வெடிக்கும். எலியும் அதனைக் கடித்துவிடும். ஆதலின், உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் அமைந்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற குழாயையே வாங்குதல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் வேண்டும். குழாயின் இரு முனைகளும் முழுமையாகச் செருகப்பட்டிருத்தல் இன்றியமையாதது. அழகுக்கெனத் துணியுறை இடுவோர் உளர். அவ்வுறை வெடிப்பையும் மறைத்துவிடும். சிலிண்டர் வாயிலினுள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் பழுதுற்றாலும் வாயு கசியும். புதிய சிலிண்டர் வந்தவுடன் அதனையும் சோதித்து வாங்குதல் நன்று.

கசிவை அறிய இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் போதும். குமிழி எழுமிடமே பழுதுற்ற இடம். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும். வாயு நாறினால் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறத்தல் வேண்டும். மின்விசையைப் போடுதலும் ஆகாது, அணைத்தலும் ஆகாது, இரண்டிலும் பொறி எழும். பின்னர் வீட்டைவிட்டு வெளியே வந்து, 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும்.

புதுக் குழாயின் விலை சிறிது. சோதிக்கும் பொழுதோ அதனினும் சிறிது. அவற்றால் காக்கப்படுவது ஒரு குடும்பத்தின் உயிர்.